செங்கல்பட்டுச் சீமையில் அடிமனையும் வீடும்

அடிமனை என்பது ஒரு வீடு நிற்கும் தரை. கட்டடம் ஒருவருக்கும் அது நிற்கும் தரை வேறொருவருக்கும் சொந்தமாக இருப்பது தமிழ்நாட்டில் பழைய வழக்கம். கோயில் நிலத்தில் வாடகை செலுத்தி வீடு கட்டிக்கொண்டவர்களும், மிராசுதாரின் மனையில் குடியிருந்தவர்களும், குத்தகை நிலத்தில் கட்டடம் எழுப்பியவர்களும் இந்த இரட்டை உடைமைக்குள் வாழ்ந்தவர்கள். இவர்களில் ஒருவர் வீட்டை விற்க வந்தால், வாங்குபவருக்கு உண்மையில் கிடைப்பது எது என்ற கேள்வி எழுகிறது. செங்கல்பட்டு முதல் மாமல்லபுரம் கடற்கரை வரையிலான பகுதியில் இக்கேள்விக்கு இருநூறு ஆண்டுகளுக்கும் மேற்பட்ட ஆவண வரலாறு உண்டு. ஆங்கிலேயர் தமிழ்நாட்டில் நில உரிமையை முதன்முதலில் விரிவாக ஆராய்ந்த இடம் இதுதான். அந்த ஆராய்ச்சியின் விளைவுகள் இன்றைய கிரயப் பத்திரங்களிலும் தொடர்கின்றன.

மனையும் பங்கும்

பல்லவர் செப்பேடுகள் ஊர்களைத் தானமாக அளிக்கும்போது வயலோடு மனையையும் மனைப்படப்பையும் சேர்த்தே குறிப்பிடுகின்றன. மனை வீடு கட்டும் இடம். படப்பு அதை ஒட்டிய கொல்லை. வயலுக்கு வரி உண்டு, ஊருக்குள் இருக்கும் குடியிருப்பு மனைக்குப் பெரும்பாலும் வரி இல்லை. இந்த வேறுபாடு பின்னாளில் 'நத்தம்' என்ற பெயரில் நிலைபெற்றது. வரி இல்லாத இடத்துக்கு வரிக்கணக்கும் இல்லை. நத்தத்து வீடுகளுக்குப் பழைய ஆவணம் கிடைப்பது அரிதாக இருப்பதன் வேர் இங்கே இருக்கிறது.

மாமல்லபுரம் கடற்கரைக் கோயிலில் முதலாம் ராஜராஜனின் கடைசி ஆண்டுகளைச் சேர்ந்த கல்வெட்டு ஒன்று உள்ளது. ஊரார் கூடி நன்செய், புன்செய், தோட்டம் உள்ளிட்ட வரி நிலங்களை நான்கு கூறாகப் பங்கிட்டுக்கொண்ட உடன்பாடு அதில் பதிவாகியிருக்கிறது. நிலமில்லாமல் வாணிகம் செய்வோரும் கூலிக்கு உழைப்போரும் எவ்வளவு செலுத்த வேண்டும் என்பதையும் அந்த உடன்பாடு வகுக்கிறது. சிற்பங்களைப் பார்க்க வருபவர்கள் இந்தக் கல்வெட்டின் பக்கம் திரும்புவதில்லை. ஊர் நிலத்தில் பங்குடையவர், பங்கில்லாமல் ஊரில் வாழ்பவர் என்ற பிரிவு ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே எழுத்தில் இருந்தது என்பதற்கு அது நல்ல சான்று.

மிராசு

1763-ல் ஆற்காட்டு நவாப் முகமது அலி செங்கல்பட்டுப் பகுதியைக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு ஜாகீராக அளித்தார். சில ஆண்டுகள் நவாபே அதைக் கம்பெனியிடமிருந்து குத்தகைக்கு எடுத்து நடத்தினார். உடையவரே தம் நாட்டுக்குக் குத்தகைதாரராக இருந்த இந்த ஏற்பாடு, அடிமனைக் கதைக்குப் பொருத்தமான தொடக்கம்தான். 1767 முதல் 1774 வரை பர்னார்டு என்ற பொறியாளர் ஜாகீரின் ஊர்களை அளந்து, வீடுகள், சாதிகள், நிலங்கள், விளைச்சலில் ஒவ்வொருவருக்கும் உரிய பங்குகள் ஆகியவற்றைக் கணக்கெடுத்தார். 1780-ல் ஹைதர் அலியின் படையெடுப்பால் பல ஊர்கள் பாழாகி, மக்கள் ஊரைவிட்டு ஓடினர். திரும்பி வந்தபோது எது யாருடையது என்ற வழக்குகள் பெருகின.

1794-ல் கலெக்டராக வந்த லயனல் பிளேஸ், ஊர் நிலங்களின் மேல் 'மிராசு' என்ற பரம்பரை உரிமை இருப்பதைக் கண்டார். தமிழில் இதற்குக் காணியாட்சி என்று பெயர். காணியாட்சிக்காரர்கள் ஊரைப் பங்குகளாக வைத்திருந்தனர். சில ஊர்களில் பங்கு நிலங்கள் குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை கைமாறின. அது பசுங்கரை. வேறு ஊர்களில் ஒவ்வொருவர் நிலமும் நிலையாகப் பிரிக்கப்பட்டிருந்தது. அது அறுதிக்கரை. பங்கோடு ஊர் மனைகள், கொல்லைகள், தரிசு, ஏரி நீர், களத்து மேரை எல்லாம் சேர்ந்தே வந்தன.

அவர்களுக்குக் கீழே உழுதவர்கள் பாயக்காரிகள். ஊரிலேயே நிலையாகக் குடியிருந்த உள்குடி பாயக்காரி, உரிய வாரத்தைக் கொடுத்துவரும் வரை தலைமுறை தலைமுறையாக உழலாம், ஆனால் அந்த நிலத்தை விற்கவோ அடகு வைக்கவோ முடியாது. வெளியூரிலிருந்து வந்து உழுத புறக்குடி பாயக்காரியின் உரிமை ஒப்பந்தக் காலத்தோடு முடிந்துவிடும். குடியிருக்கும் உரிமை உண்டு, விற்கும் உரிமை இல்லை என்ற நிலையின் தெளிவான உருவம் உள்குடி. இன்றைய நீண்டகாலக் குத்தகைதாரரின் நிலையை விளக்க இதைவிட நல்ல உள்ளூர்ச் சொல் கிடைப்பது கடினம்.

1802-ல் நிரந்தரத் தீர்வை முறைப்படி ஜாகீர் அறுபதுக்கும் மேற்பட்ட மிட்டாக்களாகப் பிரித்து விற்கப்பட்டது. அவற்றில் பெரும்பாலானவை சில ஆண்டுகளிலேயே வரி கட்ட முடியாமல் முறிந்தன. மிராசுதார் நிலத்தின் உடைமையாளரா, அரசின் குத்தகைதாரரா என்ற கேள்வி மறுபடியும் வருவாய் வாரியத்தின் முன் வந்தது. வாரியம் பதினேழு கேள்விகள் அனுப்பியது. சென்னைக் கலெக்டராக இருந்த பிரான்சிஸ் வைட் எல்லிஸ் அவற்றுக்கு விடை எழுதினார். அது 1818-ல் நூலாக அச்சாயிற்று. அவருடைய கச்சேரியில் ஷிரஸ்தாதாராக இருந்த சங்கரய்யா இந்த வேலையில் பெரும்பங்கு வகித்தார். எல்லிஸ் சட்ட நூல்களோடு நிற்கவில்லை. மக்கள் கையிலிருந்த காணி விற்பனைச் சாசனங்களைச் சேகரித்துப் பின்னிணைப்பில் வைத்தார். மக்கள் ஒன்றை விலைக்கு விற்று வந்திருக்கிறார்கள் என்றால் அது அவர்களுடைய சொத்தாகத்தான் இருக்க வேண்டும் என்பது அவருடைய வாதத்தின் அச்சு. கிரயப் பத்திரம் இங்கே ஒரு வரலாற்றுச் சான்றாக நின்றது. மிராசு உரிமையின் எதிர்காலத்தையே அதன் மேல் வைத்து வாதிட்டார்கள்.

காணி விற்பனைச் சாசனங்களில் விற்கப்படும் பொருளை வருணிக்கும் வழக்கமான தொடர் ஒன்று உண்டு. அஷ்டபோகம் என்று அதைச் சொல்வார்கள். நிதி என்பது புதையல், நிட்சேபம் புதைத்து வைத்த பொருள், சலம் நீர், பாஷாணம் கல்லும் கனிமமும். அட்சிணி, ஆகாமி, சித்தம், சாத்தியம் என்ற மற்ற நான்கும் நிலத்தால் இப்போது வருவன, இனி வரக்கூடியன, கைக்கு வந்தவை, முயன்றால் கிடைப்பவை என்ற வகையான பயன்கள். இந்த எட்டும் சேர்ந்தால்தான் முழு உடைமை. தானம் செய்யவும் மாற்றிக்கொள்ளவும் விற்கவும் தகுதியானது என்ற தொடரும் உடன் வரும். இன்றைய பத்திர எழுத்தரும் நிதி நிட்சேப சல தரு பாஷாணம் என்று எழுதுகிறார். பலர் அதை வெறும் அலங்காரம் என்று கடந்துவிடுகிறார்கள். அடிமனை இல்லாமல் வீட்டை மட்டும் விற்கும் பத்திரத்தில் இத்தொடருக்கு இடமில்லை, ஏனென்றால் கட்டடத்துக்குக் கீழே இருக்கும் எதுவும் விற்பவருக்குச் சொந்தமில்லை. யாராவது பழக்கத்தால் அதைச் சேர்த்து எழுதிவிட்டாலும் வாங்குபவருக்குத் தரை கிடைத்துவிடாது. தம்மிடம் இல்லாததை ஒருவர் விற்க முடியாது.

சேரி மனை

மிராசு உரிமை ஊர் மனைகளையும் உள்ளடக்கியது என்ற கூற்றின் கடுமையான விளைவைச் சுமந்தவர்கள் சேரியில் வாழ்ந்த உழைப்பாளிகள். 1891-ல் செங்கல்பட்டின் தற்காலிகக் கலெக்டராக இருந்த டிரெமென்ஹீர், மாவட்டத்துப் பறையர் சமூகத்தின் நிலை குறித்து ஓர் அறிக்கை எழுதினார். சேரிக் குடிசை நிற்கும் தரையும் தமதே என்று மிராசுதார்கள் உரிமை கொண்டாடியதையும், எதிர்த்துப் பேசும் கூலியாளைக் குடியிருக்கும் இடத்திலிருந்தே வெளியேற்ற அந்த உரிமை பயன்பட்டதையும் அவர் சுட்டிக்காட்டினார். தரிசு நிலத்துக்கு இவர்கள் தர்க்காஸ்து கொடுத்தாலும் மிராசுதாருக்கே முன்னுரிமை என்ற விதி அவர்களைத் தடுத்தது. கூரையும் மண்சுவரும் உழைப்பாளியுடையவை. அவற்றைச் சுமந்துகொண்டு போவதற்குத்தான் அவருக்கு இடமில்லை.

அறிக்கையின் மேல் 1892 செப்டம்பர் 30 அன்று வருவாய்த் துறை 1010, 1010-அ எண்ணிட்ட ஆணைகளைப் பிறப்பித்தது. டிரெமென்ஹீர் கேட்டதில் பெரும்பகுதியை அரசு ஏற்கவில்லை. ஆனால் ஒடுக்கப்பட்ட சாதியாருக்குத் தரிசு நிலம் ஒதுக்கும் நடைமுறைக்கு அந்த ஆணைகள் வழி திறந்தன. செங்கல்பட்டில் பணியாற்றிய ஸ்காட்லாந்துச் சமயப் பணியாளர் ஆடம் ஆண்ட்ரூ இதே காலத்தில் நிலம் பெற்று மெல்ரோசாபுரம் என்ற குடியேற்றத்தை அமைத்தார். குடியிருப்பு மனை கொடுப்பது அரசின் நிலையான வேலையாக மாறியது 1920-க்குப் பிறகு, தொழிலாளர் ஆணையரின் துறை வந்தபோதுதான். செங்கல்பட்டு மாவட்டத்தில் பிறந்த இரட்டைமலை சீனிவாசன் 1923 முதல் சட்டமன்ற மேலவையில் இருந்து பேசியதும் இந்த ஆண்டுகளில்தான்.

சொந்தக்காரரின் நிலத்தில் குடிசை போட்டு வாழ்ந்த விவசாயத் தொழிலாளருக்கு அந்த இடத்தையே உடைமையாக்கும் சட்டம் 1971-ல்தான் வந்தது. குடியிருப்பில் இருப்போருக்கு உடைமை வழங்கும் தமிழ்நாட்டுச் சட்டம் அது. டிரெமென்ஹீரின் அறிக்கைக்கும் அதற்கும் இடையே எண்பது ஆண்டுகள்.

ஒதுக்கப்பட்ட நிலங்கள் பிற்காலத்தில் பஞ்சமி நிலங்கள் எனப்பட்டன. அவற்றின் ஒப்படைப்பு ஆணையில் விற்பனைக்கு நிபந்தனை உண்டு. பத்து ஆண்டுகள் கைமாற்றக் கூடாது, அதன் பின்னும் ஒடுக்கப்பட்ட வகுப்பினருக்கு மட்டுமே விற்கலாம். நிபந்தனையை மீறிய விற்பனைகள் ஏராளமாக நடந்தன. பத்திரமும் பதிவும் இருந்தும் உரிமை கிடைக்காத நிலங்கள் இவை. மாமல்லபுரத்துக்கு அருகிலுள்ள காரணையில் பஞ்சமி நிலத்தை மீட்க நடந்த போராட்டத்தின் தொடர்ச்சியாக 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் காவல்துறை துப்பாக்கிச் சூடு நடத்தியது. இருவர் உயிரிழந்தனர். கிழக்குக் கடற்கரைச் சாலை ஓரத்தில் மனை வாங்குபவர் மூலப்பத்திரத்தோடு பழைய ஒப்படைப்புப் பதிவையும் கேட்க வேண்டியிருப்பதன் பின்னணி இது.

கட்டியவருக்கு என்ன உரிமை

நிலத்தோடு பொருந்திய எதுவும் நிலத்துக்கே சொந்தம் என்பது இங்கிலாந்தின் பழைய கோட்பாடு. இந்திய நீதிமன்றங்கள் அதை முழுதாக ஏற்கவில்லை. பிறர் நிலத்தில் நல்ல நம்பிக்கையோடு கட்டியவர் கட்டடத்தை அகற்றிக்கொள்ளலாம் அல்லது மதிப்பைப் பெறலாம் என்று கல்கத்தா உயர் நீதிமன்றம் 1866-ல் கூறியது. 1882-ஆம் ஆண்டு சொத்து மாற்றுச் சட்டமும் அதே வழியில் சென்றது. அதன் 108-ஆம் பிரிவு, குத்தகைதாரர் தரையில் பொருத்தியவற்றை நிலம் தம் கையில் இருக்கும்வரை எடுத்துக்கொள்ளலாம் என்கிறது. ஒப்பந்தத்தில் தடை இல்லையென்றால் தம் குத்தகை உரிமையைப் பிறருக்கு மாற்றவும் அதே பிரிவு இடம் தருகிறது. ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவு செய்தாக வேண்டும் என்பது 107-ஆம் பிரிவு.

எடுத்துக்கொள்ளலாம் என்ற உரிமை ஓலைக்கூரைக்குப் பொருந்தும். மாடி வீட்டுக்குப் பொருந்தாது. முதல் உலகப்போருக்குப் பின் சென்னையில் நிலவிலை ஏறியபோது, மாத வாடகைக்கு நிலம் எடுத்து வீடு கட்டியிருந்தவர்களை நில உடைமையாளர்கள் வெளியேற்றத் தொடங்கினர். அதன் விளைவு சென்னை நகரக் குடிவாரப் பாதுகாப்புச் சட்டம். 1921-இன் சட்டம் என்று பெயர், 1922-இன் மூன்றாவது சட்டமாக வந்தது. வெளியேற்றப்படும் குடித்தனக்காரருக்குக் கட்டடத்தின் மதிப்பை ஈடாகக் கொடுக்க வேண்டும். அதைவிட முக்கியமானது 9-ஆம் பிரிவு. நீதிமன்றம் நிர்ணயிக்கும் விலைக்கு நிலத்தையே தமக்கு விற்கும்படி குடித்தனக்காரர் கேட்கலாம். குத்தகை வீடுகள் மலிந்த இங்கிலாந்தில் வீட்டுக் குத்தகைதாரர் தரையை விலைக்கு வாங்கும் உரிமை 1967-ல்தான் சட்டமாயிற்று. சென்னை அதை நாற்பத்தைந்து ஆண்டுகளுக்கு முன்பே செய்துவிட்டது. நம் சட்ட வரலாற்றில் போதிய கவனம் பெறாத செய்தி இது.

சட்டம் பின்னர் நகராட்சி ஊர்கள் பலவற்றுக்கும் விரிந்தது. 1996-ல் பெரிய திருப்பம் ஏற்பட்டது. கோயில் முதலிய சமய நிறுவனங்களின் நிலங்களுக்கு இச்சட்டம் பொருந்தாது என்று திருத்தம் வந்தது. மயிலாப்பூர் கிளப் வழக்கில் 2005-ல் உச்ச நீதிமன்றம் அத்திருத்தத்தை ஏற்றது. கோயில் அடிமனையில் வீடு வைத்திருந்தவர்கள் தரையை வாங்கும் வாய்ப்பு அத்தோடு மூடியது.

கடற்கரைக் கோயில் நிலங்கள்

மாமல்லபுரம் தலசயனப் பெருமாள், திருவிடந்தை நித்யகல்யாணப் பெருமாள், திருப்போரூர் கந்தசுவாமி ஆகிய கோயில்கள் இப்பகுதியின் நிலவரலாற்றில் பெரிய பெயர்கள். இவற்றோடு ஆளவந்தார் அறக்கட்டளையையும் சேர்க்க வேண்டும். நெம்மேலியைச் சேர்ந்த ஆளவந்தார் நாயகர் கடலோர மணல்வெளியில் சவுக்குத் தோப்பு வளர்த்தவர். ஆயிரம் ஏக்கருக்கு மேற்பட்ட அந்நிலத்தைப் பெருமாள் கோயில்களின் கைங்கரியத்துக்கு 1914-ல் எழுதிவைத்தார். இன்று இந்து சமய அறநிலையத் துறை அதை நிர்வகிக்கிறது. 2013-ல் இயங்கத் தொடங்கிய நெம்மேலி கடல்நீர் சுத்திகரிப்பு நிலையம் இந்த அறக்கட்டளையின் நிலத்தில் குத்தகைக்கு அமைந்தது. சென்னைக்குத் தண்ணீர் தரும் அரசு நிறுவனமும் இங்கே அடிமனைக் குடித்தனக்காரர்தான்.

1959-ஆம் ஆண்டு அறநிலையச் சட்டத்தின் 34-ஆம் பிரிவு, கோயில் நிலத்தை விற்கவும் அடகு வைக்கவும் ஐந்தாண்டுக்கு மேல் குத்தகைக்கு விடவும் ஆணையரின் அனுமதி வேண்டும் என்கிறது. அனுமதி இல்லாதது செல்லாது. தனியார் கோயில் அடிமனையில் வைத்திருக்கும் வீட்டை விற்கும்போது பத்திரத்தில் மேற்கட்டடம் மட்டுமே விற்பனைப் பொருள். தரை வாடகையை முன்னோர் காலம் தொட்டுச் செலுத்திய ரசீது எத்தனை இருந்தாலும் அவை வாடகை ரசீதுகளே. வாங்குபவர் கோயிலின் ஒப்புதலோடு தம் பெயரில் குத்தகையை மாற்றிக்கொள்ளாவிட்டால், கோயில் அவரைக் குடித்தனக்காரராக ஏற்க வேண்டியதில்லை. ஆக்கிரமிப்பாளராகக் கருதி 78-ஆம் பிரிவின்படி நடவடிக்கை எடுக்கலாம். பழைய பாக்கி உண்டா, வாடகை கடைசியாக எப்போது திருத்தப்பட்டது என்பவற்றையும் வாங்குவதற்கு முன் கோயில் அலுவலகத்தில் எழுத்தில் கேட்டறிவது வழக்கம். வீட்டின் விலையை விட இந்தப் பதில்தான் சில சமயம் பெரிதாக இருக்கும்.

வில்லங்கச் சான்றில் இவை எல்லாம் தெரிந்துவிடும் என்று நினைப்பவர்கள் உண்டு. பதிவான ஆவணங்களை மட்டுமே அது காட்டும். பதிவு செய்யாத மாத வாடகையும் வாய்மொழிக் குத்தகையும் அதில் இரா. பட்டா வருவாய்க் கணக்கு, அதனால் மட்டும் உடைமை நிறுவப்படுவதில்லை. நத்தம் இவற்றிலிருந்து வேறு. 1905-ஆம் ஆண்டு நில ஆக்கிரமிப்புச் சட்டம், பிறருக்கு உடைமையான வீட்டுமனையையும் கொல்லையையும் அரசு நிலம் என்ற வரையறைக்கு வெளியே வைத்தது. நத்தத்தில் நெடுங்காலம் குடியிருந்தவரின் மனை அரசுடையது அன்று என்ற தீர்ப்புகள் அதன் அடியொற்றி வந்தவை.

2016 முதல் பதிவுச் சட்டத்தின் 22-அ பிரிவு தமிழ்நாட்டில் நடைமுறையில் உள்ளது. சமய நிறுவனத்தின் நிலத்தைத் தகுந்த அனுமதி இல்லாமல் மாற்றும் ஆவணத்தைச் சார்பதிவாளர் பதிவு செய்ய மறுப்பார். இங்கேதான் பழைய கேள்வி புதிய உருவில் திரும்புகிறது. ஒரு புல எண் முழுவதும் கோயில் பெயரில் இருந்து, அதன் ஒரு பகுதியில் பல தலைமுறையாகக் கிரயம் நடந்திருந்தால், தகராறு 1858-ல் தொடங்கிய இனாம் ஆணையத்தின் பதிவேட்டுக்குப் போய் நிற்கும். மன்னர் கோயிலுக்குக் கொடுத்தது நிலத்தையா, நிலத்திலிருந்து அரசுக்கு வர வேண்டிய மேல்வாரத்தை மட்டுமா என்பதை அங்கே பார்க்க வேண்டும். மேல்வாரம் மட்டும்தான் என்றால் குடிவாரம் உழுதவருடையது. அவருடைய வாரிசிடமிருந்து வாங்கியவர் தரைக்கும் சொந்தக்காரராகலாம். 1963-ஆம் ஆண்டு சிறு இனாம் ஒழிப்புச் சட்டத்தின்படி அந்த நிலத்துக்கு ரயத்துவாரி பட்டா யாருக்கு வழங்கப்பட்டது என்பது அடுத்த சான்று. இரண்டு வாரமும் கோயிலுக்கே என்று பதிவேட்டில் இருந்தால், மாடி வீடே நின்றாலும் கீழே இருப்பது அடிமனைதான்.